ஒரு மூடுகல்லை நகர்த்த எத்தனை பேர்? பெருங்கற்காலக் கல்லறைகளை அளந்து வாசித்தல்

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் ஒரு மொட்டைப் பாறைக்குன்று இருக்கிறது. அதன்மேல் கல்பலகைகளை நிறுத்தி ஒரே கல்லால் மூடிய சிறு அறைகள் நூற்றுக்கும் மேல். இறந்தவர்களுக்காக எழுப்பிய பெருங்கற்காலக் கல்லறைகள் இவை. சில இன்றும் கட்டியவாறே நிற்கின்றன, பலவற்றில் மூடுகல் சரிந்து கிடக்கிறது. இத்தகைய அறைகளைச் சில ஊர்களில் பாண்டவர் வீடு என்பார்கள். பழனி மலைப் பக்கம் வாலியர் வீடு, கேரளத்தின் மறையூரில் முனியறை, கர்நாடகத்தின் ஹிரேபெணகலில் மோரியர் மனை. எல்லாப் பெயர்களுக்குள்ளும் ஒரே வியப்புதான் இருக்கிறது: நம்மைப் போன்ற ஆட்களால் இந்தக் கல்லை ஏற்றியிருக்க முடியுமா?

முடியும். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு தானியம் என்று கணக்குப் போடத் தொடங்கினால் கட்டியவர்களின் ஊர் எவ்வளவு பெரியது, அக்கம்பக்கத்தாரோடு அவர்களுக்கு என்ன உறவு என்பதெல்லாம் மெல்லத் தெரியவரும். கல்லறைக்குள் கிடைக்கும் வாளும் பொன்பட்டமும் செய்தியாகின்றன. ஆனால் அந்தச் சமூகத்தைப் பற்றி அதிகம் பேசுபவை கல்லின் எடை, பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் விதம், எலும்புகள் கிடந்த நிலை ஆகிய மூன்றும்தான். மூன்றும் விலை போகாதவை. அதனாலேயே முதலில் அழிபவையும் அவைதான்.

எது எந்த வகை

தரைக்கு மேல் தெரியும்படி பலகைகளை நிறுத்தி மூடியது கல்திட்டை. அதே பெட்டியைக் குழிக்குள் அமைத்து, மூடுகல் மட்டும் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தது கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வைத்தால் கல்வட்டம், உள்ளே சிறு கற்களைக் குவித்தால் கற்குவை. தனியாக நிறுத்திய உயரமான கல் நெடுங்கல், பேச்சு வழக்கில் குத்துக்கல். கேரளத்தில் குடைக்கல்லும் தொப்பிக்கல்லும் உண்டு, செம்புரைப் பாறையை உள்ளே குடைந்த அறைகளும் உண்டு. சுடுமண்ணால் செய்து கால்கள் வைத்த ஈமப்பேழைகள் வட தமிழகத்தில் அதிகம்.

எந்த வகை எங்கே இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அங்குள்ள பாறைதான். அடுக்கடுக்காகப் பிளக்கும் கிரானைட்டும் நைஸ் பாறையும் உள்ள கிருஷ்ணகிரி, கொங்குப் பகுதிகளில் பலகைக் கல்லறைகள் கிடைக்கின்றன. தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகள்தான். ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பரப்புள்ள மேட்டில் தாழிகளை அடுக்கிப் புதைத்திருக்கிறார்கள், பெருங்கல் எதுவும் கிடையாது. ஆனாலும் கறுப்பு–சிவப்பு மட்கலம், இரும்புக் கருவிகள், எலும்பைச் சேர்த்து வைக்கும் வழக்கம் எல்லாம் அங்கும் உண்டு. அதனால் அதையும் பெருங்கற்காலப் பண்பாட்டோடு சேர்த்தே பேசுகிறோம். இந்தப் பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது என் கருத்து. கல் அந்தப் பண்பாட்டின் ஒரு கருவி மட்டுமே. கல் இல்லாத ஊரில் அதே வேலையைக் குயவர் செய்தார்.

பலகை எடுப்பது

பாறையின் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக விட்டுப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. தட்டினால் ஒலி மாறும். அடியில் இடைவெளி விழுந்த அடுக்கு வெற்றொலி கொடுக்கும், ஒட்டியிருக்கும் பாறை 'ணங்' என்னும். விளிம்பிலிருந்து விறகைப் பரப்பித் தீ மூட்டி, அடுக்கு விட்டுக்கொடுக்கக் கொடுக்கத் தீயைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் தென்னிந்தியக் கல்தச்சர்கள் இப்படித்தான் பெரிய பலகைகளை எழுப்பினார்கள். பிறகு சம்மட்டியால் கோடு நெடுகத் தட்டியோ, குழி போட்டு ஆப்பு இறுக்கியோ வேண்டிய அளவுக்கு உடைப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் தீயில்தான். சூடு ஓரிடத்தில் நின்றுவிட்டால் பலகை எழும்பாது, மேல்தோல் மட்டும் செதில் செதிலாகத் தெறிக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென விரிவடையும். அந்த அளவுக்குச் சூடேறினால் கல்லுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். வெளியே தெரியாது, பாரம் ஏறும்போது உடையும். பல கல்லறைகளில் மூடுகல் நடுவில் இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு இத்தகைய மறைந்த விரிசலும் ஒரு காரணமாக இருக்கலாம். மற்ற காரணங்கள் புதையல் தேடியவர்களின் கடப்பாரையும் மரவேரும்.

கொப்பள் மாவட்டம் ஹிரேபெணகலில் இந்த வேலையின் எல்லாக் கட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சுமார் 400 கல்லறைகள். பலகை எடுத்த தழும்புகள் பக்கத்துப் பாறைகளிலேயே உள்ளன. கல்லெடுத்த பள்ளம் ஒன்றில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. உயரமான பாறையின் தலையில் அரைக்கோள வடிவக் கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது, அடித்தால் முரசுபோல் ஒலி பரவும். இறுதிச் சடங்குக்கு ஊரைக் கூட்டவோ, கல் இழுப்பவர்களுக்குத் தாளம் கொடுக்கவோ அது பயன்பட்டிருக்கலாம். ஒலி எட்டும் தூரம்வரை ஆட்கள் இருந்தார்கள் என்பதாவது அதிலிருந்து தெரிகிறது.

இழுப்பதன் கணக்கு

நடுத்தர அளவுள்ள ஒரு மூடுகல்லை எடுத்துக்கொள்வோம். நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர், கனம் 30 சென்டிமீட்டர். கன அளவு 1.5 கனமீட்டர். கிரானைட் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் என்பதால் கல்லின் எடை சுமார் 4 டன்.

காய்ந்த வெறுந்தரையில் கல்லை இழுக்க அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு விசை வேண்டும், அதாவது 2.7 டன். கயிற்றைப் பிடித்து ஒருவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய இழுப்பு 25 முதல் 30 கிலோ. எனவே நூறு பேர் வேண்டும். அதே கல்லைக் கவட்டை மரத்தில் கட்டி, தரையில் குறுக்கே போட்ட ஈரமான சறுக்குமரங்கள்மேல் இழுத்தால் விசை கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஐம்பது பேர் போதும். ஆறுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற்ற வேண்டுமானால் கல்லின் எடையில் ஆறில் ஒரு பங்கு கூடும், இன்னும் இருபத்தைந்து பேர். மழை பெய்து தரை சேறானால் மரங்கள் புதைந்துவிடும், எத்தனை பேர் வந்தாலும் கல் நகராது.

கற்பதுக்கை ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கிலேயே ஒரு விளக்கம் உண்டு. பெட்டி குழிக்குள் இருப்பதால் மூடுகல்லைத் தரைமட்டத்திலேயே இழுத்துக்கொண்டு வந்து மேலே சறுக்கிவிடலாம். சாய்வுமேடை கட்ட வேண்டியதில்லை, கூடுதல் இருபத்தைந்து பேரும் தேவையில்லை. தரைக்கு மேல் எழும் கல்திட்டைக்கோ மண்ணாலோ கல்லாலோ மேடை போட்டு, வேலை முடிந்ததும் அதை அள்ளியாக வேண்டும். மல்லச்சந்திரம் போன்ற மொட்டைப் பாறைகளில் குழி வெட்ட வழியில்லாததால் அந்தக் கூடுதல் உழைப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

குழியின் கணக்கு எளிது. மூன்று மீட்டர் நீள அகலத்தில் இரண்டு மீட்டர் ஆழம் என்றால் 18 கனமீட்டர் மண். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கனமீட்டர் வெட்டினால் 18 ஆள்நாள். கல்வட்டத்துக்கு அரை டன் எடையுள்ள உருண்டைகள் 24 என்றால் 12 டன், மூடுகல்லைப் போல மூன்று மடங்கு. ஆனால் தனித்தனியாக நகர்த்தலாம் என்பதால் ஒரு நேரத்தில் எட்டுப் பத்துப் பேர் போதும். ஆக, ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் தேவைப்படுவது மூடுகல்லை இழுக்கும் ஒன்றிரண்டு நாட்களில்தான். மற்ற வேலையெல்லாம் ஒரு குடும்பமும் உறவினரும் சில வாரங்களில் முடிக்கக்கூடியது.

பெட்டி விழாமல் நிற்பது

பலகைகளை வெறும் சதுரமாக நிறுத்தினால் சுற்றியுள்ள மண்ணின் அழுத்தம் அவற்றை உள்ளே தள்ளிவிடும். அதனால் நான்கு பலகைகளையும் காற்றாடி இறக்கைகள் போல நிறுத்தினார்கள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையின் உள்முகத்தில் முட்டி நிற்கும், மறுமுனை மூலையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். தொல்லியலார் இதை ஸ்வஸ்திக அமைப்பு என்பார்கள். எந்தப் பலகையும் தனியாக உள்ளே சாய முடியாது, பக்கத்துப் பலகை முட்டுக் கொடுக்கும். அடியில் ஒரு தளக்கல் இருப்பதால் பலகைகளின் பாதமும் உள்ளே நழுவாது. இடவலம், வலஇடம் இரண்டு சுற்றிலும் இது கிடைக்கிறது. ஓர் ஊர்க் கல்லறைகளில் பெரும்பாலானவை ஒரே சுற்றில் இருந்தால் அங்கே ஒரே கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அகழும்போது இதைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் பழைய அறிக்கைகள் பலவற்றில் இந்த விவரம் விடுபட்டிருக்கிறது.

குழியைத் திரும்ப மூடுவதில்தான் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தள்ளினால் அந்தப் பலகை நடுவில் வளைந்து முறியும். நாலு பக்கமும் ஒரு சாண் ஒரு சாணாக ஏற்றி, சிறு கற்களைத் திணித்து இடித்துக்கொண்டே வர வேண்டும். அகழ்ந்த பதுக்கைகளில் பலகைகளின் வெளிப்புறம் சரளைக்கல் நெருக்கமாகக் கிடப்பது இதனால்தான்.

ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பது அதன் பெயர். வட்டம், சரிவகம், சாவித்துளை எனப் பல வடிவங்களில், சில இடங்களில் கை நுழையும் அளவு, சில இடங்களில் ஒருவர் தவழ்ந்து நுழையும் அளவு. பலகையின் இரு முகங்களிலிருந்தும் கொத்திக் கொத்தி நடுவில் சந்திக்க வைத்திருப்பார்கள், அதனால் துளையின் விளிம்பு நடுவே குறுகியிருக்கும். கல்லறையில் மிக எளிதாக உடையும் பலகையும் இதுதான். பத்து, பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் துளை போடுவது அதன் வலுவைப் பாதியாக்கும் செயல். கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் போட்டிருக்கிறார்கள் என்றால் மீண்டும் திறக்க வேண்டிய தேவை அவர்களுக்கு உறுதியாக இருந்திருக்கிறது. நான்கு டன் மூடுகல்லை ஒவ்வொரு சாவுக்கும் நகர்த்த முடியாது. துளைக்கு வெளியே சாத்திய சிறு கல்லை இரண்டு பேர் விலக்கிவிடலாம்.

சோறு போட்டது யார்

ஐம்பது, அறுபது பேர் கல் இழுக்கிறார்கள் என்றால் உடல்வலுவுள்ள பெரியவர்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு எனக் கொண்டால் அந்த ஊரின் மக்கள்தொகை இருநூறு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய குடியிருப்பு என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தாக வேண்டும். வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். கடும் வேலைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ தானியம் என்றால் அறுபது பேருக்கு 45 கிலோ, ஐந்து நாளுக்கு 225 கிலோ. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கிலோ உண்ணும். அதில் கால்பங்கை ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டும், இறைச்சியும் கள்ளும் தனி.

இதைக் கொடுக்க அரசன் தேவையா? பெரிய கல் என்றால் பெரிய மன்னன் என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த எண்கள் அதற்கு இடம் தரவில்லை. நல்ல விளைச்சல் கண்ட ஒரு குடும்பமும் அதன் உறவினரும் சில ஆண்டுகள் சேமித்தால் கொடுத்துவிடக்கூடிய அளவுதான் இது. அங்காமி நாகர்களிடம் 20ஆம் நூற்றாண்டிலும் கல் இழுக்கும் வழக்கம் இருந்தது. கவட்டை மரத்தாலான சறுக்குவண்டியில் கல்லைக் கட்டி, கொடிக்கயிறு பிடித்து, பாட்டோடு ஊரே இழுத்து வந்து நிறுத்தும். ஊருக்கு விருந்து கொடுத்தவரின் பெருமைக்கு அந்தக் கல் அடையாளம். அங்காமி ஊர்கள் பரம்பரைத் தலைவர் இல்லாதவை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. சேர்த்த செல்வத்தை ஊருக்குச் சோறாக்கிக் கரைத்தவருக்கே மரியாதை. வடகிழக்கின் வழக்கத்தை அப்படியே மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கொங்குநாட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் அரசன் இல்லாமலும் பெருங்கல் எழும் என்பதற்கு அது கண்முன் சான்று.

கடனும் இதில் இருக்கிறது. இன்று என் வீட்டுக் கல்லை இழுக்க வந்த ஊருக்கு நாளை நான் போக வேண்டும். இருபது கல்லறைகள் உள்ள இடுகாடு என்பது இருபது முறை திருப்பிச் செலுத்தப்பட்ட உழைப்பு. ஒரே வட்டாரத்தில் கல்லறைகள் ஒரே அமைப்பில் இருப்பதற்கும் இந்தக் கைமாற்று காரணமாக இருந்திருக்கும். ஒரே ஆட்கள்தான் மாறி மாறி எல்லா ஊரிலும் வேலை செய்கிறார்கள்.

எலும்புகள் கிடந்த நிலை

பெரும்பாலான பதுக்கைகளில் முழு எலும்புக்கூடு இருப்பதில்லை. மண்டையோடு, கைகால் நீளெலும்புகள் எனத் தேர்ந்தெடுத்தவை மட்டும் ஒரு மூலையில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுடையதாகவும் இருக்கும். உடலை வேறெங்கோ வைத்து, சதை அழிந்தபின் எலும்பைச் சேர்த்துக் கொண்டுவரும் இரண்டாம்நிலை அடக்கம் இது. சாவு எந்த நாளிலும் வரும். குழி வெட்டுவதும் கல் இழுப்பதும் அறுவடை முடிந்து தரை காய்ந்த நாளில்தான் நடக்கும், அப்போதுதான் குதிரும் நிறைந்திருக்கும். இந்த இடைவெளியை இரண்டாம்நிலை அடக்கம் இயல்பாக நிரப்புகிறது. சமயக் காரணமும் இருந்திருக்கும், ஆனால் வேளாண்மை நாட்காட்டியோடு இது இவ்வளவு பொருந்துவதைப் புறக்கணிக்க முடியாது.

எல்லோரும் கல்லுக்குள் போகவில்லை என்பதையும் எண்ணிக்கை சொல்லும். ஓர் இடுகாட்டில் 300 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர், பயன்பாட்டுக் காலம் 500 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 பேர். இருநூறு பேர் வாழ்ந்த ஊரில் ஆண்டுக்கு ஆறு சாவு என்றாலும் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் 3,000. பத்தில் மூன்று பேர்தான் கல்லறை பெற்றார்கள். மற்றவர்கள் எங்கே? மணிமேகலை ஒரே இடுகாட்டில் ஐந்து வழக்கங்களைச் சொல்கிறது: 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியில் கவிப்போர்'. எரித்ததும் வெறுமனே இட்டதும் அகழாய்வில் அகப்படுவதில்லை. நாம் தோண்டி எடுப்பது அந்தச் சமூகத்தின் ஒரு பகுதியை மட்டுமே.

எந்தப் பகுதி? பெரும் ஆண்வீரர்கள் மட்டும் என்று சொல்ல முடியாது. பெண்களின் எலும்பும் குழந்தைகளின் எலும்பும் இந்தக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. குழந்தையோடு உயர்ந்த பொருள் கிடைத்தால் அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அந்தக் குழந்தை போரில் வென்றிருக்காது, விருந்தும் கொடுத்திருக்காது. சிறப்பு பிறப்பால் வரத் தொடங்கிவிட்டது என்று அப்போது சொல்லலாம். ஆனால் எலும்பையும் பொருளையும் ஒரே படத்தில், எடுப்பதற்கு முன் பதிவு செய்திருந்தால் மட்டுமே அதைச் சொல்ல முடியும்.

தாழிகளைப் பற்றி எழுதும்போது புறநானூற்றின் 256ஆம் பாடலைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. கணவனை இழந்த பெண், ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையுமாறு குயவரைக் கேட்கிறாள். ஒரு தாழியில் இருவர் எலும்பு என்பது அகழாய்வுக் குறிப்பில் ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒருத்தி இருந்திருக்கலாம்.

உள்ளே வைத்தவை

கறுப்பு–சிவப்புக் கலம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுவதால் உள்ளே காற்றுப் புகாமல் உட்புறமும் வாயும் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். கலம் தாங்கும் பிரிமனை, நான்கு கால் சாடி, கிண்ணங்கள், மேலே கீறிய குறியீடுகள். இரும்பில் வாள், ஈட்டி, கோடரி, அரிவாள், மண்வெட்டி. ஆயுதத்தோடு உழவுக் கருவியும் சேர்ந்தே வருகிறது என்பதால் இவர்களை நாடோடி வீரர்கள் என்று ஒரு காலத்தில் எழுதியதை இன்று ஏற்க முடியாது. பழனிக்கு அருகே பொருந்தலில் 2009–10இல் அகழ்ந்த ஒரு கல்லறையில் நான்கு கால் சாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. தாழியைச் சுற்றி நெல் வைப்பது, சாடியில் நெல் வைப்பது எல்லாம் நிலைத்த வேளாண்மையின் தடயம்.

ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் இதில் தனி இடம் பெறுவது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இடுகாடும் குடியிருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தன. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகள். பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைப்பது, சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்தது. ஒரே ஒரு பதுக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அதே இடுகாட்டில் சில கலங்களோடு முடிந்துபோன கல்லறைகளும் உண்டு. உழைப்பு ஏறத்தாழ சமம், உள்ளே வைத்தது மலைக்கும் மடுவுக்கும். ஊர் கூடிக் கல் இழுத்த பழைய முறையும், வணிகத்தால் சிலர் மட்டும் உயர்ந்த புதிய நிலையும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்த காலம் அது என்று இதை நான் வாசிக்கிறேன்.

காலம் சொல்வதில் உள்ள சிக்கல்

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுமிக்குக் கி.மு. 1155 என்ற காலம் 2021இல் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல். சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. இந்தக் கடைசி எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. எண்ணைக் கொண்டாடுவதற்கு முன் அது எப்படிக் கிடைத்தது என்று பார்ப்பது நல்லது.

கரிமக் காலக்கணிப்பில் கரித்துண்டு சொல்வது அந்த மரம் வளர்ந்த காலத்தை, புதைத்த காலத்தை அல்ல. இருநூறு ஆண்டு மரத்தின் நடுவயிரம் எரிந்திருந்தால் அந்த இருநூறு ஆண்டும் கணக்கில் ஏறிவிடும். அதனால் ஓராண்டுப் பயிரான நெல்லும் தினையும் கரியைவிட நம்பகமானவை. இரண்டாவது, இடுதுளை வழியே பலமுறை திறந்த கல்லறையில் எந்தப் பொருள் எந்த அடக்கத்தோடு வந்தது என்று பிரிக்க வேண்டும். மூன்றாவது, கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டுக் கோடு ஏறத்தாழ தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் விழும் மாதிரிக்கு ஒரே ஆண்டைச் சொல்ல முடியாது, நீண்ட இடைவெளியைத்தான் தரும். பொருந்தல் நெல்லுக்குச் சொல்லப்படும் கி.மு. 490, 450 இரண்டும் இந்தத் தட்டைக்குள்தான் வருகின்றன. ஒரே கல்லறையிலிருந்து ஐந்தாறு மாதிரிகள், அவை கிடைத்த அடுக்கு வரிசை தெளிவாக இருந்தால் இடைவெளியைக் குறுக்கலாம். ஒரு மாதிரியில் ஓர் ஊரின் வரலாற்றைத் தொங்கவிடக் கூடாது.

ஒருவரின் பெயரைத் தாங்கிய கல்

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் மூன்று கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்கிறது. கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்ட அந்தவனுக்கு எடுத்த கல். இங்கே எலும்பு இல்லை, பெட்டி இல்லை, நான்கு டன் மூடுகல்லும் இல்லை. சிலர் சேர்ந்தால் நட்டுவிடலாம். பதுக்கையில் மூவரும் நால்வரும் பெயரின்றிச் சேர்ந்து கிடந்தார்கள், இந்தக் கல்லில் ஒருவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, செத்த காரணம் இருக்கிறது. எடை குறையக் குறையச் செய்தி கூடுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், நூறு பேர் கூடி இழுத்துக் காட்ட வேண்டிய பெருமையை ஓர் உளி காட்டிவிடும். பெருங்கல்லறைகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

வயலில் ஒரு வட்டத்தைக் கண்டால்

அகழும்போது கல்வட்டத்தை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டை மட்டும் முதலில் தோண்டுவார்கள். நடுவே அரை மீட்டர் அகல மண்சுவரை விட்டுவைப்பார்கள். குழி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை அந்தச் சுவரின் வெட்டுமுகம்தான் காட்டும். பொருளை மட்டும் தேடி முழுக்க அள்ளிய இடங்களில் அருங்காட்சியகப் பெட்டி நிறைந்தது, மேலே சொன்ன எந்தக் கேள்விக்கும் விடை மிஞ்சவில்லை.

தோண்டத் தெரியாதவர்களும் செய்யக்கூடியது நிறைய உண்டு. எதையும் நகர்த்தாமல் வட்டத்தின் குறுக்களவை இரண்டு திசையில் அளக்கலாம். கற்களை எண்ணலாம். பலகை வெளியே தெரிந்தால் நீள அகலக் கனமும், இடுதுளை பார்க்கும் திசையும், காற்றாடிச் சுற்று எந்தப் பக்கம் என்பதும் குறிக்கலாம். அளவுகோல் ஒன்றை வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையோடு மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணிலிருந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

வட்டக் கற்களை ஏற்கனவே வேலிக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும் விட்டுவிட வேண்டாம். ஆழ உழாத நிலமாக இருந்தால், கல் உட்கார்ந்திருந்த குழிகள் சுற்றியுள்ள மண்ணைவிடக் கருத்த, இளகிய வட்டங்களாக இன்னும் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில், ஈரம் அந்த இடங்களில் மட்டும் காயாமல் நிற்கும்போது, வரப்பின்மேல் நின்று பார்த்தால் முழு வட்டமும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.